குடிநீக்கிய விண்ணப்பம்
தஞ்சை வயலும் ஆய்வு நிதியும்

1

பத்து வருஷமாக நான் செய்துவரும் ஒரு வேலைக்குப் பெயர் கிடையாது. மற்றவர்களுக்கு ஆய்வு விண்ணப்பம் எழுதிக் கொடுப்பது. தமிழ் எம்.ஏ. முடித்து, முனைவர் பட்டத்தைப் பாதியில் விட்டவன் நான். நிதி கொடுக்கிற அமைப்புகள் பெரும்பாலும் நிரந்தர வேலையில் இருக்கும் ஆசிரியரையோ முனைவர் பட்டம் பெற்றவரையோதான் 'திட்ட இயக்குநர்' என்று ஏற்கும். ஆகவே தாளில் பேராசிரியர் பெயர் இருக்கும், வாக்கியங்கள் என்னுடையவையாக இருக்கும். களத்துக்குப் போகும்போது நான் 'கள உதவியாளன்'. இதைப் புகாராகச் சொல்லவில்லை. இந்த வேலையில் இருந்ததால்தான் எனக்கு ஒன்று பிடிபட்டது. எது கேள்வி, எது தரவு, யார் கேட்கிறவர், யார் கேட்கப்படுகிறவர் என்பதையெல்லாம் களத்தில் கால் வைப்பதற்கு முன்பே பிரித்து வைத்துவிடுகிற தாள்தான் விண்ணப்பம். பணம் கேட்பது அதன் சின்ன வேலை.

ஜெயிக்கிற விண்ணப்பத்தின் இலக்கணம் ஒன்றும் ரகசியமில்லை. மதிப்பீட்டாளர் முதலில் படிப்பது சுருக்கத்தை. பலர் அங்கேயே பாதி முடிவுக்கு வந்துவிடுகிறார்கள். ஒரே ஒரு கேள்வி இருக்க வேண்டும். முன்னாய்வுகளைச் சொல்லி அவற்றில் ஓர் 'இடைவெளி'யைக் காட்ட வேண்டும். நோக்கங்கள் மூன்று, மிஞ்சிப் போனால் நான்கு. ஒவ்வொரு நோக்கத்துக்கும் நேராக ஒரு முறையியல், ஒரு கால அளவு, ஒரு செலவுத் தலைப்பு. கேட்கிற தொகைக்கு நியாயம் சொல்ல வேண்டும். முன்னோட்டமாகக் கொஞ்சம் களப்பணி செய்து வைத்திருந்தால் நம்பிக்கை கூடும். கடைசியில் 'சமூகப் பயன்' என்று ஒரு பத்தி.

இவை நியாயமான விதிகள்தான். பொதுப்பணத்தைச் செலவு செய்கிறவன் என்ன செய்யப்போகிறான் என்று முன்கூட்டிச் சொல்லக் கடமைப்பட்டவன். எனக்கு உறுத்துவது அந்த 'இடைவெளி' என்ற சொல். யாருடைய அறிவில் இடைவெளி? நடவு நடுகிற பெண்ணுக்குத் தெரிந்த ஒன்று நூலகத்தில் இல்லையென்றால் அதற்கு 'ஆய்வு இடைவெளி' என்று பெயர். நூலகத்தில் உள்ள ஒன்று அவளுக்குத் தெரியவில்லையென்றால் அதற்கு 'அறியாமை' என்று பெயர். இந்தப் பிரிவினை ஒரு படிவத்தில் நேற்று உண்டானதல்ல. தஞ்சை மண்ணில் அது நடந்துவந்த விதத்தை ஒரு வரலாறாகப் பார்க்க முடியுமா என்பதே இக்கட்டுரையின் முயற்சி.

2

விண்ணப்பம் என்ற சொல் இங்கே பழையது. பல்லவர் செப்பேடுகளில் கொடை வேண்டிக் கேட்டவன் 'விண்ணப்பம்' என்றும், அதை நடத்தி வைத்தவன் 'ஆணத்தி' என்றும் பதிவாகியிருப்பதைப் பார்க்கலாம். சோழர் காலத்தில் இந்த வழி இன்னும் நீண்டது. அரசனின் வாய்மொழி 'திருவாய்க்கேள்வி' ஆகும். 'திருமந்திர ஓலை' அதை எழுதும். 'புரவுவரித் திணைக்களம்' வரிக் கணக்கில் ஏற்றும். கோயிலுக்கும் பிரமதேயத்துக்கும் மட்டுமல்ல, கல்விக்கும் கொடை போனது. பட்டவிருத்தி, சாலாபோகம் என்ற பெயர்கள் அதற்குச் சாட்சி.

லெய்டன் செப்பேடு என்று அறியப்படும் ஆனைமங்கலச் செப்பேட்டை எடுத்துக்கொள்வோம். முதலாம் ராஜராஜனின் 21ஆம் ஆட்சியாண்டில், அதாவது 1006 வாக்கில், நாகப்பட்டினத்துச் சூடாமணி விகாரத்துக்கு ஆனைமங்கலத்தின் வருவாய் கொடையாகப் போகிறது. நிலம் 97 வேலிக்கு மேல். வருவாய் 8,943 கலம் நெல்லுக்கு மேல், நாழி வரைக்கும் சுத்தமான கணக்கு. பெண் யானையை நடக்கவிட்டு எல்லை வகுக்கிறார்கள். அதிகாரிகள் வரிசையாகப் பெயரோடு வருகிறார்கள். எட்டாயிரத்துச் சொச்சம் கலம் நெல்லை விளைவித்த கைகளுக்குத்தான் அங்கே பெயர் இல்லை.

சேரி இந்த ஆவணங்களில் வேறோர் இடத்தில் வருகிறது. தஞ்சைப் பெரிய கோயிலின் கல்வெட்டுகளில் ஒவ்வொரு கிராமத்துக்கும் மொத்த நிலத்தைச் சொல்லி, வரி விதிக்க முடியாத நிலத்தைக் கழிப்பார்கள். ஊர்நத்தம், குளம், சுடுகாடு ஆகியவற்றோடு பறைச்சேரியும் அந்தக் கழிவில் வரும். ஆயிரம் ஆண்டுக்கு முந்தைய அரசு ஆவணத்தில் உழைக்கிறவனின் குடியிருப்பு கழித்தல் கணக்காக மட்டும் நுழைகிறது.

இன்னொரு சொல்லும் நமக்கு வேண்டும். கொடைகளில் 'குடிநீக்கி' என்றும் 'குடிநீங்கா' என்றும் இரண்டு வகை. முன்னால் அந்த நிலத்தில் உரிமையோடு இருந்த குடிகளை விலக்கிவிட்டுக் கொடுப்பது முதல் வகை. அவர்கள் உரிமை தொடரக் கொடுப்பது இரண்டாம் வகை. இந்தக் 'குடி' உழுதவனா, உழுவித்தவனா என்பது விவாதத்துக்குரியது. அடிமையாகவும் ஆளாகவும் வேலை செய்தவன் இந்த இரண்டு வகையிலுமே எண்ணிக்கைக்கு வெளியே இருந்தான் என்றுதான் நான் வாசிக்கிறேன்.

சோழர் ஓலையும் இன்றைய படிவமும் ஒன்று என்று சொல்வது அசட்டுத்தனம். அங்கே போனது விளைச்சலின் பங்கு. இங்கே போவது கேள்வி கேட்கும் உரிமை. ஆனால் ஒரு ஆய்வு விண்ணப்பத்தைக் கையில் எடுக்கும்போது, 'இது குடிநீக்கியதா, குடிநீங்காததா?' என்று கேட்பது எனக்குப் பயன்பட்டிருக்கிறது. அந்தக் கேள்வியோடுதான் இருபதாம் நூற்றாண்டுக்கு வருகிறேன்.

3

சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பொருளாதாரப் பேராசிரியர் கில்பர்ட் ஸ்லேட்டர் 1916 முதல் தன் மாணவர்களிடம் வினாப்பட்டியலைக் கொடுத்து, விடுமுறையில் ஊருக்குப் போகும்போது கிராமத்தைப் பற்றி எழுதிவரச் சொன்னார். அந்தக் கட்டுரைகள் 1918இல் நூலாயின. அதில் தஞ்சை மாவட்டத்துக் கிராமம் ஒன்று உண்டு: பாலக்குறிச்சி. பெரிய நிதி எதுவும் இல்லாமல் ஒரு வினாத்தாளும் விடுமுறையும் சேர்ந்து செய்த வேலை அது. பி.ஜே. தாமஸும் கே.சி. ராமகிருஷ்ணனும் அதே கிராமங்களை மறுபடி ஆய்ந்து 1940இல் வெளியிட்டார்கள். பணம் வந்தால்தான் ஆய்வு என்று நம்புகிறவர்களுக்கு இதைச் சொல்ல வேண்டும். அதே சமயம் ஒன்றை மறக்கக் கூடாது. 1916இல் விடுமுறைக்கு ஊர் திரும்புகிற கல்லூரி மாணவன் எந்தத் தெருவில் போய் இறங்கியிருப்பான்? நிதி இல்லாத ஆய்வு என்பதாலேயே அது சுதந்திரமான ஆய்வு ஆகிவிடாது.

1951இல் காத்லீன் கஃப் வருகிறார். கேம்பிரிட்ஜில் நாயர்களைப் பற்றி முனைவர் பட்டம் முடித்த இளம் மானிடவியலாளர். பிரிட்டிஷ் கருவூலத்தின் உதவித்தொகையில் வந்து, 1953 வரை தஞ்சை மாவட்டத்தில் இரண்டு கிராமங்களில் தங்கினார். ஒன்று வடமேற்கில், அவர் வைத்த பெயர் கும்பாபேட்டை. இன்னொன்று கிழக்கே நாகப்பட்டினம் பக்கம், கிரிப்பூர். அவர் இங்கே இருந்த காலத்தில்தான், 1952இல், தஞ்சாவூர்ப் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வருகிறது. சவுக்கடிக்கும் சாணிப்பாலுக்கும் எதிராக பி. சீனிவாசராவ் முதலியோர் கட்டிய செங்கொடிச் சங்கத்தின் சூடு ஆறாத காலம் அது.

கஃப் முதலில் எழுதியது என்ன? 1956இல் வந்த அவருடைய கட்டுரை தமிழ்க் கிராமத்துப் பிராமணர்களின் உறவுமுறை பற்றியது. 1960இல் வந்தது ஒரு தஞ்சைக் கிராமத்தில் சாதி பற்றியது. அன்றைய பிரிட்டிஷ் மானிடவியல் கேட்ட கேள்விகள் அவை. பண்ணையாளும் குத்தகைக்காரனும் வர்க்கமாக எழுந்து நிற்கும் புத்தகம், 'தென்கிழக்கு இந்தியாவின் கிராமச் சமூகம்', 1981இல்தான் வந்தது. இடையில் முப்பது வருஷம். 1951-53இன் அதே குறிப்பேடுகள்தான். மாறியது கேட்கிறவர்.

அந்த மாற்றத்துக்கு அவர் விலை கொடுத்தார். 1968இல் 'மானிடவியல்: ஏகாதிபத்தியத்தின் குழந்தை' என்ற கட்டுரையை எழுதி, நாம் ஏன் ஏகாதிபத்தியத்தை ஓர் அமைப்பாக ஆய்வதில்லை என்று தன் துறையையே கேட்டார். கனடாவில் அவர் வேலை பார்த்த பல்கலைக்கழகத்தில் நடந்த போராட்டத்தில் 1969இல் இடைநீக்கம் செய்யப்பட்டார். 1976இல் தஞ்சைக்குத் திரும்பினார். அதன் பலனாக 1989இல் இன்னொரு நூல். 1990இல் இறந்துபோனார்.

இதில் எனக்குக் கிடைக்கும் பாடம் இரண்டு. ஒன்று, களம் எப்போதும் விண்ணப்பத்தைவிடப் பெரியது. உறவுமுறை கேட்கப் போனவரின் நோட்டில் கூலிக் கணக்கும் விழுந்திருக்கும். இரண்டு, அந்த உபரியை வாசிக்கக் காலம் வேண்டும். இரண்டு வருஷத்தில் 'பயன்பாட்டுச் சான்றிதழ்' கேட்கிற அமைப்பில் கஃபின் முப்பது வருஷத்துக்கு எந்தத் தலைப்பிலும் செலவு எழுத முடியாது.

1961-62இல் தில்லியிலிருந்து வந்த ஆந்த்ரே பெத்தெய், 'ஸ்ரீபுரம்' என்று தான் பெயரிட்ட தஞ்சைக் கிராமத்தில் அக்கிரகாரத்தில் தங்கினார். 1965இல் வந்த 'சாதி, வர்க்கம், அதிகாரம்' இன்றும் படிக்கப்படுகிற நூல். அக்கிரகாரத்தில் இடம் கிடைத்ததே, சேரிக்குச் சகஜமாகப் போய்வர முடியாத கட்டாயத்தையும் உண்டாக்கியது என்று பின்னாளில் அவரே எழுதினார். இந்த நேர்மை அரிது. எந்த விண்ணப்பப் படிவத்திலும் 'ஆய்வாளர் எந்தத் தெருவில் தங்குவார்?' என்ற கேள்வி இருந்து நான் பார்த்ததில்லை.

4

தனி ஆய்வாளர்களின் கதை இப்படி. பெரும்பணத்தின் கதை வேறு.

1959 ஏப்ரலில் ஃபோர்டு அறக்கட்டளையின் நிபுணர் குழு இந்தியாவின் உணவு நெருக்கடி பற்றி ஓர் அறிக்கை கொடுத்தது. வெற்றி பெற்ற விண்ணப்பம் எப்படி இருக்கும் என்பதற்கு அதைப் பாடமாகவே வைக்கலாம். பிரச்சினை ஒன்று: தானியம் போதாது. தீர்வு ஒன்று: விளையக்கூடிய இடத்தில் முயற்சியைக் குவி. அதைத் தொடர்ந்து பத்து அம்சத் திட்டம் வந்தது. கூட்டுறவுக் கடன், உரம், விதை, விலை, சந்தை, சேமிப்பு, பண்ணைத் திட்டம், பொதுப்பணி, மதிப்பீடு என்று போகும் அந்தப் பட்டியல். 1959 அறிக்கையில் நிலவுடைமைப் பாதுகாப்பு பற்றிப் பேச்சு இருந்தது. பத்து அம்சங்களாகச் சுருங்கியபோது குத்தகைக்கும் கூலிக்கும் தனி அம்சம் இல்லாமல் போனது. விண்ணப்பம் எழுதுகிறவன் என்ற முறையில் எனக்கு இது நன்றாகவே புரிகிறது. சுருக்கத்தில் விட்டுப் போவதுதான் திட்டத்தில் விட்டுப் போவது.

1960-61இல் 'தீவிர வேளாண் மாவட்டத் திட்டம்' தொடங்கியபோது பாசன வசதி உறுதியான தஞ்சாவூர் முதல் மாவட்டங்களில் ஒன்று. லூதியானா, மேற்கு கோதாவரி முதலியவை மற்றவை. 1922இல் தொடங்கிய ஆடுதுறை நெல் ஆய்வு நிலையத்திலிருந்து அறுபதுகளின் நடுவில் ஏ.டி.டி. 27 வந்தது. குறுவைப் பரப்பு பெருகியது. குறுவை அறுவடையும் தாளடி நடவும் நெருக்கியடித்து வரும் நாட்களில் ஆள் தேவை கூடும். கூலி பேச அதுதானே சமயம்! பேசினார்கள். மிராசுதார்கள் வெளியூர் ஆட்களைக் கொண்டுவந்தார்கள். 1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில் 44 பேர் ஒரு குடிசையில் எரித்துக் கொல்லப்பட்டார்கள். பத்து அம்சத்தில் இடம் கிடைக்காத கூலி, பிணக் கணக்காக வந்து நின்றது. இந்தக் கொலைக்கு ஒரு அறிக்கை காரணம் என்று நான் சொல்ல வரவில்லை. கொன்றவர்கள் யாரென்று ஊருக்குத் தெரியும். தண்டிக்கப்பட்டவர்களை 1973இல் உயர் நீதிமன்றம் விடுவித்ததும் தெரியும். நான் சொல்வது, எதைக் கேட்கக் கூடாது என்று தீர்மானித்த அறிவுக்கும் ஒரு பொறுப்பு உண்டு என்பதை.

அதன் பிறகு நடந்ததையும் கவனியுங்கள். 1969இல் கணபதியா பிள்ளை ஆணையம் வந்தது, நியாயக் கூலிச் சட்டம் வந்தது. அதே ஆண்டு மத்திய உள்துறை அமைச்சகம் வேளாண் 'பதற்றங்கள்' பற்றி அறிக்கை தயாரித்தது. ஃப்ரான்சின் ஃப்ராங்கெல் 1969இல் தஞ்சை உள்ளிட்ட ஐந்து மாவட்டங்களுக்குப் போய், பசுமைப் புரட்சியின் பொருளாதார லாபத்தையும் அரசியல் விலையையும் பற்றி 1971இல் நூல் வெளியிட்டார். நல்ல நூல்தான். ஆனாலும் ஒரு கணம் நின்று பார்த்தால் திகைப்பாக இருக்கிறது. கூலிக்காரன் அறிவுலகத்தின் தலைப்புக்குள் நுழைய அவன் செத்தாக வேண்டியிருந்தது. நுழைந்தபோதும் 'பதற்றம்' என்ற பெயரில்தான் நுழைந்தான். யாருக்குப் பதற்றம்?

இந்த வருஷங்களில் உலகம் முழுதும் ஆய்வுப் பணத்தின் நிறம் வெளியே தெரிந்தது. அமெரிக்க ராணுவப் பணத்தில் லத்தீன் அமெரிக்கக் கிளர்ச்சிகளை ஆராயத் திட்டமிட்ட 'கேமலாட்' 1965இல் அம்பலமாகிக் கைவிடப்பட்டது. பெர்க்லி பல்கலைக்கழகத்தின் இமாலய எல்லை நாடுகள் ஆய்வில் அமெரிக்கப் பாதுகாப்புத் துறைப் பணம் இருந்தது 1968இல் இந்தியாவில் பெரிய பிரச்சினையானது. பி.எல். 480 கதை நமக்கு இன்னும் நெருக்கம். அந்த ஒப்பந்தப்படி இங்கே வந்த கோதுமைக்கு நாம் கொடுத்த ரூபாயில் ஒரு பகுதியைக் கொண்டு, 1962 முதல் இந்திய மொழிப் புத்தகங்களை வாங்கி அமெரிக்க நூலகங்களுக்கு அனுப்பினார்கள். தமிழ்ப் புத்தகமும் போனது. ரேஷன் கடையில் கோதுமைக்கு நின்றவன் தனக்குத் தெரியாமலே ஒரு நூலகத்துக்கு நிதி கொடுத்தான். இந்தியச் சமூக அறிவியல் ஆய்வுக் கழகம் 1969இல் உருவானது. பணம் உள்நாட்டுப் பணமாகலாம் என்ற நம்பிக்கை வந்தது. பணத்தின் தேசியம் மாறியதே தவிர, படிவத்தின் இலக்கணம் அவ்வளவாக மாறவில்லை.

5

இப்போது என் கதை. நான் பிறந்தது கீழ்வேளூர் பக்கம். அம்மா நடவுக்குப் போனவள். சில வருஷங்களுக்கு முன் ஒரு விண்ணப்பம் எழுதினேன்: 'கூலி அளவைகளும் நினைவும்: கீழத்தஞ்சை நடவுப் பெண்களின் வாய்மொழி வரலாறு.' பண்ணையில் வாங்க ஒரு மரக்கால், கொடுக்க ஒரு மரக்கால் என்று கேட்டு வளர்ந்தவன் நான். அந்த அளவைகளின் நினைவை அள்ளி வைக்க வேண்டும் என்று ஆசை. மறுத்துவிட்டார்கள். 'கருதுகோள் தெளிவாக இல்லை. ஆய்வாளர் களத்துக்கு மிகவும் நெருக்கமானவராகத் தெரிகிறது. நடுநிலை பாதிக்கப்படலாம்' என்று குறிப்பு. அக்கிரகாரத்தில் தங்கினால் அது களப்பணி, சேரியில் பிறந்திருந்தால் அது சார்பு.

அடுத்த வருஷம் அதையே திருப்பி எழுதினேன். 'மறைந்துவரும் நடவுப் பாடல்கள்: ஆவணப்படுத்தலும் பாதுகாப்பும்.' உடனே கிடைத்தது. எந்த அமைப்பு என்பது முக்கியமில்லை. நான் என்ன செய்தேன் என்பதுதான் முக்கியம். கூலியை எடுத்துவிட்டுப் பாட்டை வைத்தேன். குடியை நீக்கியது என் கை.

ஒலிப்பதிவுக் கருவியோடு போனேன். எழுபது தாண்டிய ஒரு அத்தை இரண்டு பாட்டுப் பாடிவிட்டு நிறுத்திக்கொண்டது.

"பாட்டு கேக்க வந்தியா தம்பி, இல்ல கத கேக்க வந்தியா?"

"ரெண்டுந்தான் அத்த."

"பாட்டுன்னா என்னா? வாயத் தொறந்து ஏச முடியாதப்ப பாடுறது. கரையில காரியக்காரன் நிக்கிறான். பேசுனா கூலியில புடிப்பான். பாடுனா புடிக்க மாட்டான். அதான் பாட்டு."

அதன் பிறகு அது பேசியது முழுக்க மரக்காலைப் பற்றியும், களத்தில் பதரோடு அளந்து போட்ட நெல்லைப் பற்றியும், சங்கம் வந்த பிறகு அளக்கும்போது தாங்களும் எண்ணியதைப் பற்றியும். மற்றப் பெண்களிடமும் இதே கதைதான். பதிவுகளில் பாட்டு கொஞ்சம், கூலி ஏராளம். அறிக்கையில் பாட்டு அத்தியாயங்களாகவும் கூலி பின்னிணைப்பாகவும் போயிற்று. 'பின்னிணைப்பைச் சுருக்கலாம்' என்று திரும்பி வந்தது. சுருக்கினோம்.

தகவலாளர் மதிப்பூதியம் என்று தலைக்கு நூற்றைம்பது ரூபாய்க்குச் செலவுச் சீட்டு. கைநாட்டு வைக்கும்போது அத்தை சிரித்தது. "பண்ணையில வச்சது பத்தலியா?" ஒரு நாள் நடவுக் கூலி அதைவிட அதிகம். எங்களோடு பேச உட்கார்ந்ததால் அது இழந்த கூலியை எந்தத் தலைப்பில் எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை.

6

விண்ணப்பமே எழுதாதீர்கள் என்று சொல்லும் தூய்மைவாதம் எனக்கு இல்லை. எழுதாமல் இருந்தால் அந்தப் பணம் இன்னொரு 'பாதுகாப்பு'க்குப் போகும். இளம் தோழர்கள் வந்து கேட்டால் இப்போதும் எழுதிக் கொடுக்கிறேன், ஜெயிக்கிற மாதிரியே எழுதிக் கொடுக்கிறேன். கூடவே சில விஷயங்களை வலியுறுத்துகிறேன். தாக்கல் செய்வதற்கு முன் விண்ணப்பத்தை, எந்தத் தெருவைப் பற்றியதோ அந்தத் தெருவில் உட்கார்ந்து தமிழில் வாசித்துக் காட்டுங்கள். பேசுகிறவருக்கு அன்றைய கூலியைக் கூலி என்ற பெயரிலேயே செலவுத் திட்டத்தில் எழுதுங்கள். புனைபெயர் வேண்டுமா, சொந்தப் பெயர் வேண்டுமா என்று அவர்களைக் கேளுங்கள். கும்பாபேட்டையும் ஸ்ரீபுரமும் வரைபடத்தில் இல்லாததால், தங்களைப் பற்றிய புத்தகம் இருப்பதே அந்த ஊர்க்காரர்களில் எத்தனை பேருக்குத் தெரியும்? திட்டத்துக்கு வெளியே விழுவதை எழுத ஒரு தனி நோட்டு வையுங்கள். சான்றிதழ் கொடுத்த பிறகும் அந்த நோட்டை மூடாதீர்கள்.

பாலக்குறிச்சிக்கு நூறு வருஷம் கழித்து, 2019இல், வேளாண் ஆய்வுகளுக்கான அறக்கட்டளை அந்த ஊரையும் வெண்மணியையும் சேர்த்து ஆய்வு செய்தது. இரண்டு ஊருக்கும் சொந்தப் பெயர். ஒரு கிராமத்தை விடாமல் திரும்பத் திரும்பப் போய்ப் பார்க்கும் மரபு நம்மிடம் அறுந்துபோகவில்லை என்பது ஆறுதல்.

போன மாதம் பழைய கூலி விண்ணப்பத்தைத் திரும்ப எடுத்தேன். இந்தத் தடவை அத்தை வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து வாசித்தேன். 'மறைந்துவரும் தலைமுறையின் நினைவுகள்' என்ற இடத்தில் நிறுத்தச் சொன்னது.

"யாரு மறையிறது?"

"உங்க தலைமுறையத்தான் அத்த சொல்றாங்க."

"நான் எங்க மறைஞ்சேன்? இங்கதான ஒக்காந்திருக்கேன். நீ கேக்கத்தான் காணும்."

அந்தச் சொல்லை அடித்துவிட்டேன். விண்ணப்பம் அனுப்பியாயிற்று. பதில் இன்னும் வரவில்லை.